நாவலுக்கு இந்திய மொழிகள் இட்ட பெயர்கள்: கதைக் கலைச்சொற்களின் வரலாறு குறித்த ஓர் ஒப்பாய்வு

1. முன்னுரை

இலக்கியக் கலைச்சொல் என்பது ஓர் இலக்கிய வகையைச் சுட்டும் பெயர் மட்டுமன்று. அவ்வகையை ஒரு மொழிச் சமுதாயம் எதனோடு சேர்த்து எண்ணிற்று, எதனினின்றும் வேறுபடுத்திக் கண்டது என்பதற்கு அப்பெயரே சான்றாக நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மொழிகள் பலவற்றிலும் உரைநடையில் அமைந்த நெடுங்கதை ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியது. தோற்றம் ஒத்திருந்த போதிலும் பெயர் ஒத்திருக்கவில்லை. வங்காளமும் இந்தியும் ஒடியாவும் அசாமியமும் அதனை 'உபந்யாஸ்' என்றன. மராத்தியும் கன்னடமும் 'காதம்பரி' என்றன. குஜராத்தி 'நவல்கதா' என்றும், தெலுங்கு 'நவல' என்றும், மலையாளம் 'நோவல்' என்றும், உருதுவும் தமிழும் 'நாவல்' என்றும் வழங்கின. தமிழில் பின்னர் 'புதினம்' என்னும் பெயரும் வேரூன்றியது.

இப்பெயர்கள் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டன, அத்தெரிவைக் கட்டுப்படுத்திய மொழியியற் காரணங்கள் யாவை, பழைய கதையிலக்கணக் கருத்துகள் அவற்றில் எந்த அளவிற்குத் தொடர்கின்றன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பும் ஒப்பிலக்கியக் கல்வியும் வளர்ந்துள்ள நிலையில் இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. ஒரே வடிவமுடைய சொல் எல்லா மொழியிலும் ஒரே பொருளைத் தரும் என்ற எண்ணம் மொழிபெயர்ப்பாளரையும் மாணவரையும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது.

2. பழைய வகைப்பாடு: கதையும் ஆக்கியாயிகையும்

2.1 உரைநடைக் கதையை வகைப்படுத்தும் முயற்சி வடமொழி அணிநூல்களில் 7ஆம் நூற்றாண்டை ஒட்டியே தெளிவாகக் காணப்படுகிறது. பாமகர் தம் காவியாலங்காரத்தில் கதை, ஆக்கியாயிகை என இரு பிரிவுகளைக் கூறுகிறார். ஆக்கியாயிகையில் தலைவனே தன் வரலாற்றைக் கூறுவான். அது உச்சுவாசம் எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, இடையிடையே குறிப்பிட்ட யாப்பில் அமைந்த செய்யுட்களையும் பெறும். கதையிலோ தலைவன் அல்லாத பிறர் கூறுவர். உயர்குடியிற் பிறந்தவன் தன் குணங்களைத் தானே எடுத்துரைப்பது பொருந்தாது என்பது இதற்குக் காட்டப்படும் காரணம்.

தண்டி இப்பாகுபாட்டை ஏற்கவில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறுவோன் தன் குணத்தைக் கூறுதல் குற்றமாகாது என்றும், ஆக்கியாயிகைகளிலும் பிறர் கூற்று வருவது கண்கூடு என்றும் காவியாதர்சத்தில் அவர் மறுக்கிறார். கதையும் ஆக்கியாயிகையும் ஒரே இனத்துக்குரிய இரு பெயர்களே என்பது அவர் முடிபு. அக்காலத்து இலக்கிய வழக்கும் தண்டியின் பக்கமே நிற்கிறது. ஆக்கியாயிகை எனப் போற்றப்படும் ஹர்ஷசரிதத்தில் ஹர்ஷரின் வரலாற்றைக் கூறுபவர் ஹர்ஷர் அல்லர். நூலாசிரியராகிய பாணரே கூறுகிறார்.

இவ்விரு பெயர்களையும் வேறொரு அளவுகோலாலும் பிரித்தனர். அமரகோசம் அறியப்பட்ட செய்தியை அடிப்படையாகக் கொண்டதை ஆக்கியாயிகை என்றும், கற்பனையாகப் புனையப்பட்டதைக் கதை என்றும் கொள்கிறது. ஆகவே ஒரே இணைச்சொற்கள் இரு வேறு வினாக்களுக்கு விடையாக அமைந்தன. பாமகர் வழியில், கதையைக் கூறுவோர் யார் என்பது வினா. அமரகோச வழியில், கூறப்படும் பொருள் உண்மையா புனைவா என்பது வினா. 20ஆம் நூற்றாண்டுக் கதையியல் வரைவில் கதைக்குள் இருந்து கூறுவோன், கதைக்குப் புறத்தே நின்று கூறுவோன் என்னும் பாகுபாடு முதன்மை பெறுவதை நோக்கும்போது, முதல் வினா எத்துணை அடிப்படையானது என்பது விளங்கும்.

2.2 தமிழ் மரபில் இவ்வாராய்ச்சி வேறு பாதையிற் சென்றது. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையின் வகைகளைக் கூறுமிடத்து, உண்மைப் பொருளோடு தொடர்பில்லாத புனைவுமொழியை ஒரு வகையாகக் கொள்கிறது. யானையும் குருவியும் நட்புக் கொண்டு செய்தனவற்றைக் கூறும் கதை இதற்கு உரைகாரரால் எடுத்துக்காட்டப்படுகிறது. வனப்பு எட்டனுள் பழைமையானதொரு பொருள்பற்றி உரையொடு கலந்து வருவது 'தொன்மை' எனவும், புதிதாக யாக்கப்படுவது 'விருந்து' எனவும் பெயர் பெறுகின்றன. புதுமையை ஓர் இலக்கியக் கூறாகக் கண்டு அதற்குப் பெயரிட்ட மரபு தமிழில் இருந்தது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் புதிய உரைநடைக் கதைக்கு 'விருந்து' என்னும் பெயர் வழங்கவில்லை. அச்சொல்லின் அன்றாடப் பொருள் இலக்கணப் பொருளை முற்றிலும் மறைத்துவிட்டமையே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

காவியாதர்சத்தைத் தழுவித் தமிழில் எழுந்த தண்டியலங்காரமும் இவ்வகையில் கருதத்தக்கது. அது செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது. மூலநூலில் நீண்ட விவாதத்துக்கு உட்பட்ட கதை, ஆக்கியாயிகை என்னும் உரைநடைப் பகுப்பு அதில் இடம்பெறவில்லை. தமிழ் இலக்கிய வழக்குக்கு அப்பகுப்பு வேண்டப்படாமையின் தழுவல் நூலார் அதனை விட்டிருக்கலாம். இதன் விளைவாக, உரைநடை நெடுங்கதை தோன்றிய காலத்தில் தமிழாசிரியர் கையில் ஆயத்தமாக எடுத்தாளத்தக்க வகைப்பெயர் ஒன்றும் இல்லாதிருந்தது.

3. ஐந்து சந்திகள்: அமைப்பைக் குறிக்கும் சொற்கள்

கதையின் அமைப்பைக் குறிக்கும் சொற்கள் நாடக இலக்கணத்தினின்றும் வந்தன. முகம், பிரதிமுகம், கர்ப்பம், விமர்சம், நிர்வகணம் என்னும் ஐந்து சந்திகளை வடமொழி நாடகநூல்கள் கூறும். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் இவற்றை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் எனத் தருகிறார். முதல் மூன்றும் ஒலிமாற்றத்தோடு கொள்ளப்பட, இறுதி இரண்டும் தமிழ்ச் சொற்களால் மாற்றப்பட்டுள்ளன. இம்மாற்றம் தற்செயலானதன்று. உழுது பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைத்தல், முளை வளர்ந்து இலையுடன் நாற்றாதல், கருக்கொள்ளுதல், கதிர் முற்றி விளைதல், விளைந்ததை அறுத்துத் தூற்றிக் கொண்டு உண்ணுதல் என்னும் பயிர்த்தொழில் உவமையால் ஐந்தும் விளக்கப்படுகின்றன. 'கருப்பம்' என்னும் வடசொல் பயிருக்கும் பொருந்துவதால் நின்றது. ஆராய்தல், முடித்தல் என்னும் பொருள்படும் ஏனைய இரண்டும் உவமைக்குப் பொருந்தாமையின் விளைவு, துய்த்தல் என மாறின. கலைச்சொல்லாக்கத்தில் தனிச்சொல்லின் பெயர்ப்பைக் காட்டிலும் சொற்றொகுதியின் உள்ளொழுங்கு முதன்மை பெற்றதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இக்காலக் கதைத்திறனாய்வில் இந்திய மொழிகள் இவ்விடத்திலும் பிரிகின்றன. நிகழ்ச்சிகளின் காரணகாரியத் தொடர்பைக் குறிக்க மலையாளம் நாடக இலக்கணத்தின் 'இதிவிருத்தம்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டது. இந்தி 'கதாவஸ்து', 'கதானக்' என்பவற்றை வழங்குகிறது. தமிழ் 'கதைப்பின்னல்' என்னும் புதிய தொகைச்சொல்லைப் படைத்துக்கொண்டது. 'வஸ்து' என்பது கூறப்படும் பொருளையும், 'பின்னல்' என்பது அப்பொருள் இணைக்கப்படும் முறையையும் முன்னிறுத்துகின்றன. கதையையும் கதைப்பின்னலையும் காரணத் தொடர்பால் வேறுபடுத்தி ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் நிகழ்த்திய விரிவுரைகளின் கருத்துக்குத் தமிழ்ச்சொல் நெருங்கி நிற்கிறது எனலாம். கதாவஸ்து என்னும் சொல்லைப் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டைத் தனியே விளக்க வேண்டியதாகிறது.

4. உபந்யாஸ்: ஒரு சொல், நான்கு பொருள்

4.1 வடமொழியில் 'உபந்யாசம்' என்பதற்கு அருகில் வைத்தல், எடுத்துரைத்தல் என்பன அடிப்படைப் பொருள்கள். நாடக இலக்கணத்தில் பிரதிமுக சந்தியின் உறுப்புகளுள் ஒன்றுக்கும் இப்பெயர் உண்டு. வங்காளத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பூதேவ் முகோபாத்தியாயர் தம் வரலாற்றுப் புனைகதை நூலுக்கு 'ஐதிஹாசிக் உபந்யாஸ்' எனப் பெயரிட்டார். 1865இல் பங்கிம் சந்திரரின் 'துர்கேசநந்தினி' வெளிவந்த பின்னர் இவ்வகை வலுப்பெற்று, பெயரும் நிலைபெற்றது. வங்காள நாவல்களின் மொழிபெயர்ப்போடு இச்சொல் இந்திக்குச் சென்றது. இந்தியின் முதல் நாவலாகப் பலரும் கொள்ளும் 'பரீக்ஷா குரு' 1882இல் வெளிவந்தது. ஒடியாவும் அசாமியமும் இதே சொல்லை ஏற்றன.

4.2 பங்கிம் சந்திரரின் நாவல்கள் தென்னிந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டன, கன்னடத்தில் பி. வேங்கடாசாரியரின் பெயர்ப்புகள் பரவலாகப் படிக்கப்பட்டன. நூல்கள் வந்தும் வகைப்பெயர் வரவில்லை. இதற்குரிய காரணம் சொற்பொருளியலில் உள்ளது. கன்னடத்திலும் தெலுங்கிலும் உபந்யாசம் என்பது சொற்பொழிவைக் குறிக்கும். தமிழில் அது சமயப் பேருரைக்கு உரியதாயிற்று. மலையாளத்தில் அதே சொல் கட்டுரையைக் குறிக்கும்; பள்ளி மாணவன் எழுதுவது உபந்யாசம். 'எடுத்துரைத்தல்' என்னும் மூலப்பொருள் வங்காளத்தில் கதையுரைத்தலாகவும், கன்னடத்திலும் தெலுங்கிலும் அவையில் உரைத்தலாகவும், தமிழில் அறவுரையாகவும், மலையாளத்தில் எழுத்தில் உரைத்தலாகவும் கிளைத்தது. ஒரு சொல்லிடம் முன்னரே நிரம்பியிருக்குமாயின் புதிய பொருள் அங்குக் குடியேற இயலாது என்னும் பொதுவிதிக்குத் தென்மொழிகள் நான்கும் சான்று பகர்கின்றன.

'பிரபந்தம்' என்னும் சொல்லும் இவ்வாறே பிரிந்தது. தமிழில் அது சிற்றிலக்கியத்தையும் ஆழ்வார் அருளிச்செயலையும், தெலுங்கில் ஒருவகைக் காவியத்தையும், வங்காளத்தில் கட்டுரையையும், மராத்தியில் ஆய்வேட்டையும், இந்தியில் ஏற்பாடு அல்லது மேலாண்மையையும் குறிக்கின்றது.

5. காதம்பரி: நூற்பெயர் வகைப்பெயரான வரலாறு

606 முதல் 647 வரை ஆண்ட ஹர்ஷரின் அவையில் விளங்கிய பாணர் காதம்பரியை முற்றுவிக்காமல் மறைய, அவர் மகன் அதனை நிறைவு செய்தார். நூலின் தலைவி பெயரே நூற்பெயர். அந்நூற்பெயர் மராத்தியிலும் கன்னடத்திலும் ஓர் இலக்கிய வகைக்கே பெயராயிற்று. சிறப்புப்பெயர் பொதுப்பெயராதல் மொழிகளில் அரிதன்று. தமிழ்ப் பேச்சு வழக்கில் முடிவின்றி நீளும் பேச்சை 'இராமாயணம்' எனச் சுட்டுவதும் இவ்வியல்பினதே.

மராத்தியில் பாபா பத்மன்ஜியின் 'யமுனா பர்யடன்' 1857இலும், இலட்சுமண் மோரேசுவர் ஹளபேயின் 'முக்தாமாலா' 1861இலும் வெளிவந்தன. முன்னது கைம்பெண்களின் துயர்நிலையைப் பேசுவது. பின்னது வியத்தகு நிகழ்ச்சிகள் நிறைந்த காதற்கதை. காதம்பரி என்னும் பெயரோடு இயல்பாகப் பொருந்துவது பின்னதே. எனினும் காலப்போக்கில் அப்பெயர் இருவகைக்கும் பொதுவாயிற்று. கன்னடத்தில் இப்பெயருக்கு முன்னரே ஓர் அடித்தளம் இருந்தது. நாகவர்மர் பாணரின் நூலைச் சம்பு வடிவில் 'கர்நாடக காதம்பரி'யாகப் பாடியிருந்தமையின் பெயர் புலவரிடையே பழகியதாகவே இருந்தது. 1899இல் குல்வாடி வேங்கடராவின் 'இந்திராபாய்' வெளிவந்தது. சமூகச் சீர்திருத்தத்தைப் பொருளாகக் கொண்ட இத்தகைய நூல்களும் காதம்பரி என்றே வகைப்படுத்தப்பட்டன.

காதம்பரியின் கூறுமுறை இங்கு நினைவுகூரத்தக்கது. விதிசையில் சூத்திரகன் என்னும் அரசன் முன் கொண்டுவரப்பட்ட கிளி ஒன்று தன் வரலாற்றைக் கூறுகிறது. அவ்வரலாற்றுக்குள் சாபாலி முனிவர் கூறிய கதை அடங்கியுள்ளது. முடிவில் கேட்கும் அரசனும் கூறும் கிளியும் அக்கதையின் மாந்தரே என்பது வெளிப்படுகிறது. கதைக்குள் கதை வைக்கும் உத்தி பஞ்சதந்திரத்திலும் 11ஆம் நூற்றாண்டின் கதாசரித்சாகரத்திலும் உண்டு. காதம்பரியில் அது அடுக்குவதற்குப் பயன்படும் சட்டகமாக நில்லாமல், கதையின் முடிச்சாகவே அமைகிறது. புதிய வகைக்கு இப்பெயரை இட்டவர்கள் இந்தியாவில் நீண்ட உரைநடைப் புனைவு முன்னரே உண்டு என்பதை நிறுவ விரும்பினர். ஆனால் பெயர் தொடர்ந்ததேயன்றி, மேற்குறித்த கூறுமுறை மராத்தி, கன்னட நாவல்களின் பொது இயல்பாகத் தொடரவில்லை. ஆகவே பெயரின் பழைமையைக் கொண்டு வகையின் பழைமையை நிறுவுதல் இயலாது.

6. நவல்கதா, நவல, நோவல், நாவல்: ஒலியும் சொற்பிறப்பும்

6.1 ஐரோப்பியச் சொல்லை ஏற்ற மொழிகளிடையேயும் ஏற்ற முறை ஒன்றன்று. ஆங்கிலச் சொல்லின் முதல் உயிர் இதழ்குவிந்த பின்னுயிர். இவ்வுயிரைத் தமிழும் தெலுங்கும் பொதுவாக 'ஆ' ஆக்கிக் கொள்ளும். டாக்டர், காலேஜ், ஆபீஸ் என்பன காண்க. மலையாளம் அதனை 'ஓ' ஆக்கும். டோக்டர், கோளேஜ், ஓபீஸ் என்பன அம்மொழி வடிவங்கள். தமிழில் 'நாவல்' என்பதும் மலையாளத்தில் 'நோவல்' என்பதும் அவ்வம்மொழியின் ஒலிவிதிக்கு உட்பட்ட இயல்பான கடன்சொற்கள். தமிழில் அது மரப்பெயரோடு ஒப்பொலிச் சொல்லாயிற்று. ஆயினும் இடம் நோக்கிப் பொருள் தெளிவுறுதலின் குழப்பம் நேரவில்லை.

தெலுங்கின் 'நவல' இவ்விதிக்கு அடங்காது. ஒலிவிதிப்படி வந்திருப்பின் முதலுயிர் நெடிலாகவும், இறுதி 'ஆபீசு' என்பது போல உகரமாகவும் இருந்திருத்தல் வேண்டும். இரண்டும் இல்லை. புதுமை எனப் பொருள்படும் 'நவ' என்னும் வடசொல்லோடு இயைத்துச் சொல் திருத்தியமைக்கப்பட்டது என்பதை இவ்விரு ஒலிப்பண்புகளும் உறுதிப்படுத்துகின்றன. புதிய சிறப்புகளை ஏற்பது என்னும் பொருளில் வடமொழிச் சொற்பிறப்பு ஒன்றும் இதற்குக் கூறப்பட்டது. தெலுங்கில் இப்பெயர் வருவதற்கு முன் வழங்கியது வேறு. கந்துகூரி வீரேசலிங்கம் 1878இல் இதழிலும் 1880இல் நூலாகவும் வெளியிட்ட 'இராசசேகர சரித்திரமு' வசனப் பிரபந்தம் எனப்பட்டது.

குஜராத்தியில் இயைபு மேலும் எளிதாயிற்று. 'நவல்' என்பது அம்மொழியில் புதுமை, வியப்பு என்னும் பொருளுடைய சொல்லாகவே இருந்தது. அதனொடு 'கதா' சேர்ந்தது. 1866இல் நந்தசங்கர் மேத்தாவின் 'கரண் கேலோ' வெளிவந்தது. கேட்போர்க்கு ஆங்கிலச் சொல்லாகவும் தம் மொழிச் சொல்லாகவும் ஒருங்கே தோன்றியமை இப்பெயரின் வெற்றிக்குக் காரணமாகும். உருதுவிலோ தாஸ்தான், கிஸ்ஸா என்னும் கதைவகைப் பெயர்கள் உயிர்ப்போடு வழங்கின. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அமீர் ஹம்சா தாஸ்தானை 46 தொகுதிகளாக அச்சிடும் அளவிற்கு அவ்வகை செல்வாக்குப் பெற்றிருந்தது. வியப்பும் மாயமும் நிறைந்த தாஸ்தானினின்றும், நஸீர் அகமதின் 'மிராத்துல் உரூஸ்' (1869) போன்ற இல்லறக் கதைகளைப் பிரித்துக் காட்ட வேற்றுமொழிப் பெயரே தேவைப்பட்டது. பழைய வகை வலிமையோடு நிலவுமிடத்துப் புதியதற்குப் புதிய பெயரும், பழைய வகை நூலளவில் நின்றுவிட்ட இடத்து அதன் பெயரே புதியதற்கும் கிடைத்தல் ஈண்டு நோக்கத்தக்கது.

6.2 மலையாளத்தில் 1887இல் அப்பு நெடுங்ஙாடியின் 'குந்தலதா'வும் 1889இல் சந்து மேனோனின் 'இந்துலேகா'வும் வெளிவந்தன. பின்னதன் ஆசிரியர் ஆங்கில நாவல் முறையில் எழுதும் நோக்கத்தை வெளிப்படையாகவே கூறினார். எனினும் பழைய சொல் முற்றும் மறையவில்லை. 'மார்த்தாண்டவர்மா' (1891) போன்ற சி.வி. இராமன் பிள்ளையின் நூல்களைச் 'சரித்ராக்யாயிகா' எனக் கூறும் வழக்கு நிலைத்தது. இந்நூல் தலைவன் கூற்றாக அமைந்ததன்று. ஆகவே பாமகர் இலக்கணப்படி ஆக்கியாயிகை ஆகாது. அறியப்பட்ட வரலாற்றைப் பொருளாகக் கொண்டமையின் அமரகோசப்படி ஆகும். இரு பழைய அளவுகோல்களுள் எது மலையாளத்தில் உயிர்பிழைத்தது என்பதை இச்சொல்லாட்சி காட்டுகிறது.

7. தமிழில்: சரித்திரம், நாவல், புதினம்

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை வகைப்பெயரைக் கடன் வாங்காமல் வசன நூல் என்னும் பொதுக்கருத்திலேயே நின்றார். இராசமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்', மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' (1898) ஆகியவற்றிலும் நூற்பெயரின் இறுதியில் சரித்திரம் நிற்கிறது. ஒருவர் வாழ்க்கை என்றும் வரலாறு என்றும் பொருள்படும் இச்சொல், கூறப்படுவது நடந்ததே போன்றது என்னும் உறுதிமொழியைப் படிப்போர்க்கு அளித்தது. பிரதாப முதலியார் தம் கதையைத் தாமே கூறுகிறார் என்பதால் பாமகர் வகுத்த ஆக்கியாயிகைக்கு மிக அணித்தாக வருவது தமிழின் முதல் நாவலே. ஆனால் அச்சொல் தமிழில் வேரூன்றாமையின் இவ்வொற்றுமை பெயரில் வெளிப்படவில்லை.

பின்னர் நாவல், நவீனம், நெடுங்கதை எனப் பல பெயர்கள் போட்டியிட்டன. தனித்தமிழ் உணர்வு வளர்ந்த காலத்தில் 'புதினம்' முன்னுக்கு வந்தது. இது புதிதாகப் படைக்கப்பட்ட சொல் அன்று. புதுமை, வியப்பு, செய்தி என்னும் பொருள்களில் முன்னரே வழங்கியது. ஈழத்தமிழில் செய்தி என்னும் பொருள் இன்றும் வழக்கில் உள்ளது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இத்தாலியச் சொல்லும் புதுச்செய்தி என்னும் பொருளினின்றே கதைக்குப் பெயராயிற்று. எனவே இந்தியப் பெயர்கள் அனைத்தினும் மூலச்சொல்லின் பொருள்வரலாற்றை முழுமையாக ஒத்திருப்பது புதினமே. ஆயினும் பேச்சிலும் பதிப்புலகிலும் நாவல் என்பதே மிகுதியாக வழங்க, புதினம் கல்வித்துறையில் வலுப்பெற்றது. இரண்டும் ஒருபொருட் பன்மொழியாக நின்று நடைவேறுபாட்டைச் சுட்டுகின்றன.

8. சிறுகதையும் லகுகதாவும்

குறுகிய வகையின் பெயர்களிலும் இடர் உண்டு. வங்காளத்தின் 'சோட்டோ கல்ப', கன்னடத்தின் 'சண்ண கதெ', மலையாளத்தின் 'செறுகதா', தமிழின் 'சிறுகதை' ஆகியவை ஒரே முறையில் அமைந்த தொகைகள். தெலுங்கு 'கதானிக' என்றும் உருது 'அஃப்ஸானா' என்றும் வழங்கும். 'லகுகதா' என்பது மராத்தியில் சிறுகதை. இந்தியில் அதே சொல் ஓரிரு பக்கங்களில் முடியும் குறுங்கதையைக் குறிக்கும். சிறுகதைக்கு இந்தியில் 'கஹானி' என்பதே பெயர். இந்தியில் 'கதா' என்பது விரத நாளில் கூறப்படும் புராணக் கதைக்கும் உரியது. மராத்தித் தொகுப்பொன்றின் முன்னுரையில் வரும் லகுகதாவை இந்தி வழியே தமிழாக்குவோர் அதனைக் குறுங்கதை எனப் பெயர்ப்பின், அந்நூலாசிரியர் எழுதாத ஒரு வகை அவர்மேல் ஏற்றப்பட்டுவிடும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்றும் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வகைப்பெயரின் தெரிவை முடிவு செய்தது மொழிப்பற்று மட்டுமன்று. சொல்லிடம் வெறுமையாக இருந்ததா, பழைய வகை உயிரோடு இருந்ததா, ஒலியியைபு கிடைத்ததா என்னும் மொழிச்சூழலும் ஆகும். இரண்டாவது, கூறுவோன் யார், கூறப்படுவது உண்மையா என்னும் இரு பழைய வினாக்களும் இந்தியக் கதைச் சொற்களின் அடியில் தொடர்ந்து இயங்குகின்றன. மூன்றாவது, பெயர்த் தொடர்ச்சி வகைத் தொடர்ச்சிக்குப் போதிய சான்று ஆகாது. பெயர் இல்லாமை வகை இல்லாமைக்கும் சான்று ஆகாது.

1961இல் அமைக்கப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான சொற்களை இயன்றவரை உருவாக்குவதை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. அறிவியலில் அதற்குப் பயன் உண்டு. இலக்கியக் கலைச்சொற்களில் அத்தகைய பொதுமை வடிவளவில் மட்டும் எய்தத்தக்கது. உபந்யாசத்தைப் பொதுச்சொல்லாக அறிவித்தால் மலையாள மாணவன் கட்டுரையையும் கன்னட மாணவன் சொற்பொழிவையும் எண்ணுவான். இத்துறைக்கு வேண்டுவது பொதுச்சொற் பட்டியல் அன்று. ஒவ்வொரு சொல்லும் எம்மொழியில், எக்காலத்தில், எந்த வகையினின்றும் வேறுபடுத்தி எந்த வகையைக் குறித்தது என்பதைப் பதிவு செய்யும் ஒப்பியல் அகராதியே வேண்டும். தொகுக்கத் தொடங்குவதற்குரிய தரவுகள், அந்தந்த மொழியின் முதல் நாவல்களின் தலைப்பேடுகளிலும் முன்னுரைகளிலும் உள்ளன.